பிரசென்ட் மிஸ்

பட்டியலில் என் மகளின் பெயர் முதலாவதாக இருந்தது. எங்கள் வீட்டில் யாருடைய பெயரும் எந்தப் பட்டியலிலும் முதலில் வந்ததில்லை. ரேஷன் கடையில்கூட நாங்கள் கடைசிதான். அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலை, காளஹஸ்தி தாண்டிப் போய்க்கொண்டிருந்த கம்பெனி பஸ்ஸில், போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன். பிறகுதான் பட்டியலுக்கு மேலே எழுதியிருந்ததைப் படித்தேன்.

பள்ளிக்கூடத்து வாட்ஸாப் குழுவில் கரஸ்பாண்டெண்ட் ரங்கையா சார் போட்டிருந்தார். போன் வகுப்பில் சிறப்பாகப் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். தசரா விடுமுறை முடிந்ததும் இவர்களுக்கு வாரம் ஆறு நாளும் போனிலேயே வகுப்பு நடக்கும். பள்ளிக்கு வர வேண்டாம். இடம் காலியாவதால் மற்றவர்களுக்கு ஐந்து நாள் பள்ளி, சனிக்கிழமை மட்டும் போன். ஆட்சேபனை இருந்தால் திங்கட்கிழமைக்குள் நேரில் வந்து சொல்லவும்.

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் போன் வகுப்பில் சிறப்பாகப் படித்துக்கொண்டிருந்தது என் மகள் ரக்ஷிதா இல்லை. நான்தான்.

சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது இதுதான். ஜூலை மழையில் எங்கள் பள்ளியின் மாடி ஒழுகிக் காரை பெயர்ந்து விழுந்தது. மாடியைப் பூட்டிவிட்டார்கள். கீழே இருக்கிற அறைகளில் எல்லாரையும் அடைக்க முடியாது என்று பத்தாம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ரக்ஷிதாவின் பாதிக்குத் திங்கள், புதன், வெள்ளி பள்ளிக்கூடம். செவ்வாய், வியாழன், சனி போன். போன் நாட்களில் காலை ஏழு மணிக்குக் கன்னிகா மிஸ் கணக்கு எடுப்பார். மிச்சப் பாடமெல்லாம் வீடியோவில் வரும். போனில் பெயர் தெரிந்தால்தான் அன்றைக்கு வருகை. ஒரு போனுக்கு ஒரு பெயர். வருகை முக்கால் பங்குக்குக் கீழே போனால் பப்ளிக் பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலில் பெயர் போகாது என்று ரங்கையா சார் முதல் நாளே அடித்துச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் இரண்டு போன். ஒன்று என் வீட்டுக்காரர் கோபிகிருஷ்ணனிடம். அவர் பலமனேரில் பால் வேன் ஓட்டுகிறார்; பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து, துணி துவைத்துக்கொண்டு போவார். இன்னொன்று என்னுடையது. அதில்தான் கம்பெனி பஸ்ஸின் கியூஆர் கோடு இருக்கிறது. கம்பெனி இருக்கிற ஸ்ரீசிட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறும்போது அதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஸ்கேன் செய்கிற பையன் ஏற விடமாட்டான். ஏழு மணி வகுப்புக்கு என் போன் வீட்டில் இருக்க வழியில்லை.

அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தோம். இரண்டு தெரு தள்ளி ரக்ஷிதாவின் தோழி சுஷ்மிதா இருந்தாள். போன் நாட்களில் அவள் வீட்டுக்குப் போய் அவள் போனில் இருவரும் சேர்ந்து பாடம் பார்ப்பது. ஆனால் வருகை சுஷ்மிதா பெயருக்குத்தானே விழும்? அதனால் என் மகள் பெயரில் நான் பஸ்ஸிலிருந்து வகுப்புக்குள் போய், 'பிரசென்ட் மிஸ்' என்று டைப் செய்துவிட்டு உட்கார்ந்துகொள்வது. கேமராவைப் போடச் சொன்னால் நெட் ஸ்லோ மிஸ் என்று எழுதிவிடலாம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் பக்கத்து சீட்டு கமலம்மா. அவள் மகன் பவன்குமார் அதே வகுப்பு. எங்கள் பஸ்ஸில் நாலைந்து தாய்மார்கள் இப்படித்தான் பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தோம். ஏழு மணிக்கு டிரைவர் தானாகவே பாட்டை நிறுத்திவிடுவான், பாவம்.

கமலம்மா வருகை போட்டதும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். என் போதாத காலம், எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் வரதய்யபாளையம் பக்கம் பிறந்தவள். அந்த ஊரைத் தினம் பஸ்ஸில் தாண்டிப்போய் வேலை செய்துவிட்டு, மகளின் பள்ளிக்காகத் திருப்பதியில் வாடகைக்கு இருக்கிறேன். என் நைனா வீராசாமி அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போய் என்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தார். தமிழ் மீடியம். அந்த வருஷம் எங்களுக்குக் கணக்கு வாத்தியாரே வரவில்லை. இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று மார்ச் மாதம் வந்துவிட்டது. கணக்கில் ஃபெயில். அதோடு சரி. பதினெட்டு வருஷம் கழித்து ஓடுகிற பஸ்ஸில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கன்னிகா மிஸ் சுவரில் எழுதிக் காட்டிய கணக்கைப் பார்த்தபோது, அட, இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்காகவா அன்றைக்கு அப்படி அழுதேன்?

முதலில் வெறுமனே கேட்டேன். அப்புறம் டிக்கெட் அளவு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் மிஸ் கேட்ட கேள்விக்கு ஒருவருமே பதில் போடவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. விரல் சும்மா இருக்குமா? டைப் செய்துவிட்டேன். "வெரி குட் ரக்ஷிதா" என்றார் மிஸ். அன்றைக்கு முழுக்க கம்பெனியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குப் பிறகு எல்லாக் கேள்விக்கும் நான்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ரக்ஷிதாவை உட்கார வைத்து அன்றைய கணக்கைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது, அது ஊருக்கே தெரியும். புரிந்ததா என்று கேட்பேன். புரிந்தது என்பாள். பள்ளியில் வைத்த பரீட்சையில் இருபத்தைந்துக்கு ஏழு வாங்கிக்கொண்டு வருவாள். சாயங்காலம் புரிந்தது என்று சொல்லிவிட்டுக் காலையில் ஏழு வாங்கினால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது? கத்துவேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். பரீட்சை என்றால் பயப்படுகிற பிள்ளை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

இப்போது பள்ளியும் ஒரு முடிவு கட்டிவிட்டது. போனில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற பெண், வகுப்பில் உட்கார்ந்தால் ஏழு மார்க் வாங்குகிறாள். அப்படியானால் இந்தப் பெண்ணுக்குப் போன்தான் சரி. அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு?

பட்டியலைக் கமலம்மாவிடம் காட்டினேன். அவள் முதலில் தன் மகன் பெயரைத் தேடினாள். இல்லை. பவன்குமார் ஒரு கேள்விக்கும் பதில் சொன்னதில்லை, ஏனென்றால் கமலம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கினவள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், விழித்திருந்தவள் பிள்ளைக்குப் போன். எனக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

ரங்கையா சாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். கமலம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"வாயத் தொறந்த, ஒம்பொண்ணு போன்ல வாங்கின அட்டெண்டென்ஸ் அத்தினியும் போய்டும். பாதி நாளு அதுதான். அப்பறம் பேரே போவாது. எம்புள்ள பேரையும் சேத்து இழுத்துறாத, உங்கால்ல வுழறேன்."

சொன்னால் மகள் பெயர் பரீட்சைப் பட்டியலுக்குப் போகாது. சொல்லாவிட்டால் மகள் மார்ச் மாதம் வரைக்கும் வாத்தியார் முகத்தையே பார்க்காமல், கையில் இல்லாத ஒரு போனில் படிக்க வேண்டும். நான் படித்த மாதிரியே. கம்பெனி வாசலில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். அன்றைக்கு நான் சரிபார்த்த சர்க்யூட் போர்டுகளில் மூன்றைத் திருப்பி அனுப்பினார்கள்.

சாயங்காலம் ரக்ஷிதாவிடம் சொன்னேன். சந்தோஷச் செய்தி மாதிரி ஆரம்பித்தேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவள் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், தின்னவில்லை. கோபப்பட்டு அழுவாள், அழுதால் நானும் கொஞ்சம் சமாதானம் செய்யலாம் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை.

"என்னப் போன்ல போட்றாதம்மா," என்றாள். அவ்வளவுதான். எழுந்துபோய்க் கை கழுவினாள்.

மறுநாள் சனிக்கிழமை, போன் வகுப்பு. இரவெல்லாம் யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தேன். இன்றைக்கு ஒன்றுக்கும் பதில் போடக் கூடாது. ரக்ஷிதா போனிலும் மக்குதான் என்று மிஸ் நினைத்துக்கொண்டால் பட்டியலிலிருந்து தானாகவே எடுத்துவிடுவார். ஒருவரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்த மாதிரிக் குறுக்கு யோசனை வருவதற்கு எனக்குக் குறைச்சலே இல்லை.

'பிரசென்ட் மிஸ்' போட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மிஸ் ஒரு கணக்குக் கேட்டார். இரண்டு எண்களைக் கூட்டினால் இருபத்தைந்து, பெருக்கினால் நூற்றைம்பத்தாறு, எந்த எண்கள்? பன்னிரண்டும் பதின்மூன்றும். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. விரலை மடக்கிக்கொண்டேன். திரையில் இருபது கறுப்புக் கட்டங்கள், ஒன்றிலும் சத்தம் இல்லை. மிஸ் காத்திருந்தார். மறுபடியும் கேட்டார். பிறகு போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"ரக்ஷிதா, இருக்கியாமா? நீயும் பதில் சொல்லலைன்னா நான் யாருக்குமா பாடம் எடுக்கறது?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நாசமாய்ப் போகிற விரல், டைப் செய்துவிட்டது. மிஸ் சிரித்துவிட்டு, வெரி குட் என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் என் தலையில் அடித்துக்கொண்டதில் கமலம்மா விழித்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே கன்னிகா மிஸ்ஸுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். ரங்கையா சாரை எதிர்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. மிஸ் சித்தூரில் இருக்கிறார். எங்கள் தமிழ்தான் பேசுகிறார். காலையில் போனில் கணக்கை முடித்துவிட்டுப் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வருகிறவர். ரக்ஷிதாவையும் கூட்டிக்கொண்டு வா என்று அவரே ஆசையாகச் சொன்னார். அந்த ஆசையைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் சித்தூர் பஸ் ஏறினோம். அவளிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மிஸ்ஸைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். காணிப்பாக்கம் கோயில் கூட்டத்தில் பாதி பஸ் இறங்கியதும் ஜன்னல் சீட்டு கிடைத்தது. அவளை உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் இறங்கித் திரும்பிவிடுவேன் போலிருந்தது.

மிஸ் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷ நடை. உள்ளே நுழைந்ததும் எனக்கு அந்த அறை தெரிந்துவிட்டது. இரண்டு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருக்கும் சுவர். கறுப்புப் பெயிண்ட் அடித்த பாதிச் சுவர், அதன் மூலையில் மளிகைக் கடை காலண்டர். எதிரே ஸ்டூலின்மேல் அரிசி டப்பா, டப்பாவில் ரப்பர் பேண்டால் கட்டிய போன். போனில் தெரியாத ஒன்று மட்டும் புதிதாக இருந்தது: டப்பாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி, காலியாக. போன் நாட்களில் யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேசுவாராம். அதை மிஸ்ஸே சொன்னார்.

ரக்ஷிதாவின் தோளில் கைபோட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். இவளால்தான் இரண்டு மாதத்தை ஓட்டினேன் என்றார். மற்றதெல்லாம் கறுப்புக் கட்டம். மூச்சு விடுகிறார்களா என்றுகூடத் தெரியாது. இவள் ஒருத்தி பதில் போடுவாள், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போவேன் என்றார். ரங்கையா சாரிடம் இவள் பெயரை முதலில் சொன்னதும் தான்தானாம். வகுப்பில் கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிற பெண், போனில் நன்றாக வருவாள் என்று சொன்னாராம்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மிஸ் அதற்குள் சாக்பீஸை எடுத்து ரக்ஷிதாவிடம் நீட்டிவிட்டார். நேற்றுப் போட்ட கணக்கு, கூட்டினால் இருபத்தைந்து. அதை அம்மா பார்க்கச் சுவரில் போட்டுக் காட்டு என்றார்.

ரக்ஷிதா எழுந்து சுவருக்குப் போனாள். கையைத் தூக்கினாள். அந்தக் கை அப்படியே நின்றது. அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. சட்டையின் பின்பக்கம் வேர்த்து ஒட்டியிருந்தது. மிஸ் சிரித்துக்கொண்டே, எக்ஸ் என்று வைத்துக்கொள், பயப்படாதே என்றார். அவள் எக்ஸ் என்று எழுதினாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மிஸ்ஸின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததைப் பார்த்தேன். இதற்கு மேல் தாங்காது என்று ஆகிவிட்டது.

"அவளுக்குத் தெரியாது மிஸ். பதிலு போட்டதெல்லாம் நானு."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். கியூஆர் கோடு, ஒரு போனுக்கு ஒரு பெயர், சுஷ்மிதா வீடு, பஸ், இயர்போன், தாள். கமலம்மா பெயரை மட்டும் விழுங்கிவிட்டேன். மிஸ் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்தில் யாரோ அவரை நடுத்தெருவில் வைத்து ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதையும் என்னிடம் கேட்கவில்லை.

"சுஷ்மிதா வீட்ல பாத்தியே ரக்ஷிதா, அப்பவும் புரியலையா?"

ரக்ஷிதா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். சுஷ்மிதா வீட்டுக்கு அவள் போவதில்லை. இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிட்டாள். டிபன் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறாய், உங்கம்மா உனக்கு ஒரு போன் வாங்கித்தர மாட்டாளா என்று சுஷ்மிதாவின் அம்மா கேட்டாளாம். அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். இரண்டு மாதம்.

 ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். மிஸ் வீடு என்பதுகூட மறந்துவிட்டது.

அவள் திரும்பினாள். கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்திருந்தது.

"சொன்னா நீ அவங்க வூட்டு வாசல்ல போய் நின்னு சண்ட போடுவ. அப்பறம், நீ டெய்லி பஸ்ல கணக்கு போட்டேன்னு சிரிச்சிக்கினே வருவம்மா. நீ அந்த மாரி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. போன வச்சிட்டுப் போன்னு எப்டி கேக்கறது?"

நான் அவளுக்கு வருகை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் இடத்தில் போய் நான் உட்கார்ந்துகொண்டு, அவளை வெளியே நிற்க வைத்திருக்கிறேன். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். வெட்கம்தான் அதிகம், சும்மா சொல்லக் கூடாது.

மிஸ் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து முடித்ததும், அந்தக் கியூஆர் கோடு ஒவ்வொரு நாளும் மாறுமா என்று கேட்டார். மாறாது, முதல் நாள் வந்ததேதான் என்றேன். அப்படியானால் அதை ஜெராக்ஸ் கடையில் தாளில் எடுத்துக்கொண்டு போனால் ஆகாதா என்றார்.  ஆகும் ஆகாது என்று நான் ஒருவரையும் கேட்டதே இல்லை. போனில் வந்ததைப் போனில்தான் காட்ட வேண்டும் என்று இருந்துவிட்டேன். எங்கள் பஸ்ஸில் நாற்பத்திரண்டு பேர். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ரங்கையா சார் முன்னால் நின்றேன். கன்னிகா மிஸ்ஸும் கூட நின்றார். சார் தெலுங்கில்தான் பேசுவார். அன்றைக்கு அதிகம் பேசவில்லை. "செப்பண்டி" என்றார், சொன்னேன். கேட்டுவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்து, ரக்ஷிதாவின் போன் நாட்களை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் அடித்தார். அவர் அடிக்க அடிக்க நான் எண்ணினேன். இருபத்தொன்பது. ஒவ்வொரு நாளும் நான் எந்த ஊர் தாண்டும்போது என்ன கணக்குப் போட்டேன் என்று எனக்கு ஞாபகம் இருந்தது.

அப்புறம் பரீட்சைப் பட்டியலை எடுத்தார். அச்சடித்த பெயர்களில் ரக்ஷிதாவின் பெயர்மேல் கோடு போட்டார்.  மிஸ் குனிந்து அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். தினமும் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் தான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதாகவும், அதையும் வருகையில் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டாராம், பிறகு சொன்னார். சார் ரொம்ப நேரம் கூட்டிக் கழித்துப் பார்த்தார். கடைசியில் மேஜை டிராயரைத் திறந்து பென்சில் எடுத்து, பட்டியலின் அடியில் அவள் பெயரைப் பென்சிலில் எழுதினார். பட்டியலைக் கொடுப்பதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அதுவரை ஒரு நாள் தவறினாலும் ரப்பரால் அழித்துவிடுவேன் என்றார். போன் பட்டியலிலிருந்து அவளை எடுத்துவிட்டார். மற்ற பிள்ளைகளைப் போல ஐந்து நாள் பள்ளி. சனிக்கிழமை மட்டும் எல்லாருக்கும் போன்.

தசரா முடிந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. மகளுக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், பென்சில் எழுத்து கண்முன்னால் வந்து நின்றது.

முதல் சனிக்கிழமை போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஜெராக்ஸ் தாளை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். ஏறும்போது தாளை நீட்டினேன். பையன் தாளை ஸ்கேன் செய்தான், டிங் என்றது, போங்க அக்கா என்றான். அவ்வளவுதான். அந்த டிங் சத்தத்துக்கு என் மகளின் இரண்டு மாதம் போயிருக்கிறது.

ஏழு மணிக்கு டிரைவர் பாட்டை நிறுத்தினான். என் கை தானாக மடியில் போனைத் தேடியது. பக்கத்தில் கமலம்மா பவன்குமாராக உள்ளே போய்க்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் சமாச்சாரத்தை அவளிடமும் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அன்றைக்குத் தூங்காமல் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினாள். கேள்வி வந்தால் சொல், இவனும் ஒரு நாளாவது வெரி குட் வாங்கட்டும் என்றாள்.

வெட்கம் கெட்ட காது, கேட்டுக்கொண்டது. மிஸ் வருகை எடுத்தார். ரக்ஷிதா என்றதும், "பிரசென்ட் மிஸ்" என்று குரலிலேயே வந்தது. டைப் செய்யவில்லை. இயர்போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன்.

மிஸ் கணக்குச் சொன்னார். கூட்டினால் இருபத்துமூன்று, பெருக்கினால் நூற்று இருபத்தாறு. ஒன்பதும் பதினாலும். கமலம்மா முழங்கையால் இடித்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"ரக்ஷிதா, நீ சொல்லுமா."

சத்தம் இல்லை. ஜன்னலில் வரதய்யபாளையம் போர்டு வந்து போனது. சொல்லுடி, ஒன்பது, பதினாலு. நேற்றுக்கூட இதே மாதிரிக் கணக்கை மிஸ் உனக்குப் போட்டுக் காட்டியதாகச் சொன்னாயே. என் விரல்கள் மடியில் தாமாக அசைந்தன. இன்னும் சத்தம் இல்லை. போய்விட்டதா, போனில் சார்ஜ் இல்லையா, பயந்து கட் செய்துவிட்டாளா? பென்சில் எழுத்து, ரப்பர், எல்லாம் கண்ணில் வந்தது. கமலம்மாவின் போனைப் பிடுங்கி நானே டைப் செய்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கையை நீட்டியும்விட்டேன்.

அப்போது அவள் குரல் கேட்டது. சின்னக் குரல்தான், ஆனால் நடுங்கவில்லை. இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் என் எதிரே உட்கார்ந்து புரிந்தது, புரிந்தது என்று சொன்ன குரல்.

"மிஸ், எனக்குப் புரில. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

மிஸ் சுவர்ப் பக்கம் திரும்பி, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். நீட்டிய கையை நான் மடக்கிக்கொண்டேன்.